கம்பியா, பிளேட்டா?

கோவிந்தராசு டாக்டருக்கு வயிறு எரிந்தது. பாரீசில் படித்துவிட்டுப் பாண்டிச்சேரிக்கு வந்த பிரகாசம், உடைந்த மணிக்கட்டுக்குள் பிளேட் வைத்துத் திருகாணி முடுக்குகிறானாம்! ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. இத்தனை வருஷமாகக் கம்பி செருகியே எலும்பைச் சேர்த்துவைக்கும் தன்னைப் பற்றி எவன் பேசினான்?

"என்னா முசே, உன் கேஸ் எப்படி இருக்கு?" என்று பிரகாசத்தைப் பிரெஞ்சு மரியாதையில் கிண்டலாகக் கேட்டார்.

"சாவி போட்டுப் பூட்டே தொறக்கறாங்க சார். உங்க கேஸ்?"

"தண்ணிக் கொடத்த இடுப்புல வச்சிப் புடிக்கறாங்க, தெரியுமா?"

"ஒரே வயசு, ஒரே மாதிரி முறிவு. பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்துடலாமா சார்?"

"வரச் சொல்லு. இன்னிக்கே பாத்துடுவோம்!"

கதவு திறந்தது. வந்தது அகஸ்டினா மட்டும்தான். பூசைக்குப் போன இடத்தில் மாதா கோயில் படியில் வழுக்கி, இரண்டு கைகளையும் ஊன்றி விழுந்தவள். ஒரே மேஜையில் படுக்கவைத்து வலது கையைப் பிரகாசமும், இடது கையைக் கோவிந்தராசுவும் சரிசெய்திருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும் டாக்டர்" என்று கண் கலங்கக் கைகூப்பினாள்.

டாக்டர்கள் இருவரும், அவள் கூப்பிய கைகளில் எந்த மணிக்கட்டு குறைவாக வளைகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.