காட்டூர் லைன்

"என் வீட்டு லைனை மட்டும் யாரும் தொட்டுடாதீங்க!"

சொல்லிக்கொண்டே, காதில் போனோடு படியிறங்கி ஓடினார் மேனேஜர் ரெஜிஸ். கீழே ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"பாத்தீங்களாக்கா? இங்க இவ்வளவு கூத்து நடக்குது, இவரு வீட்டுக்குப் போறாரு. இன்னைக்கு மேட்ச் இருக்குல்ல!" என்றான் பக்கத்து சீட் இளவரசன்.

திருச்சி நெட்வொர்க் கண்ட்ரோல் ரூமில் லைன்களைக் கவனிக்கிற பிரான்சிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. காவிரிப் பாலத்துக்கிட்ட எவனோ ஒரு புண்ணியவான் ஜேசிபியை விட்டு கேபிளை அறுத்துத் தொலைத்திருந்தான். ஸ்ரீரங்கம் மொத்தமும் அவுட். முசிறி டேட்டா எல்லாம் குளித்தலை வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அந்த வழியோ குறுகல்.

போன் அடித்தது. முசிறி ஆஸ்பத்திரி நர்ஸ் சந்திரம்மாள்.

"மேடம், வாழைத்தார் ஏத்திக்கிட்டிருந்த ஆளு, மருதைன்னு பேரு, வாய் கோணி விழுந்துட்டாரு. மூளை ஸ்கேனைத் திருச்சி டாக்டர் பாத்துச் சொன்னாத்தான் அடைப்பைக் கரைக்கிற ஊசி போடலாம். உள்ள ரத்தம் கசிஞ்சிருந்து, தெரியாமப் போட்டுட்டா ஆளே போயிடுவாரு. படம் நகரவே மாட்டேங்குது மேடம்! அவர் சம்சாரம் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுவுது!"

பிரான்சி முசிறி லைனை ஸ்கிரீனில் திறந்தாள்.

டேட்டா கிளம்பும்போதே அதன் தலையில் ஒரு லேபிள் ஒட்டி அனுப்புவார்கள். வழியில் இருக்கிற மெஷின், உள்ளே இருப்பது ஸ்கேனா சினிமாவா என்று பார்க்காது. போர்டைப் பார்த்து பஸ் ஏறுகிற மாதிரி, லேபிளைப் பார்த்துத்தான் யாரை முன்னால் விடுவது என்று முடிவு பண்ணும்.

முசிறி லைனுக்கு முதல் லேபிளைப் போட்டாள். அப்படியும் நத்தை மாதிரிதான் ஊர்ந்தது. யார் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தேடினாள்.

காட்டூர். ரெஜிஸ் வீடு. அதே முதல் லேபிளோடு, பாதி வழியை விழுங்கிக்கொண்டு!

"அடப்பாவி மனுஷா!"

"எடுத்து விடுங்கக்கா அதை."

"வேலை போயிடும்டா."

"அங்க உசுரு போவுதேக்கா!"

வேலை போனால் வீட்டு லோனை யார் கட்டுவது? அதற்காக ஒருத்தன் செத்தால் பரவாயில்லையா? மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டூரின் லேபிளை எடுத்துவிட்டாள். அந்த லைன் கடைசி வரிசைக்குப் போய் நின்றது.

உடனே முசிறி போன் அலறியது.

"மேடம், என்ன பண்ணீங்க? வீடியோல அரைகுறையாத் தெரிஞ்ச டாக்டரம்மா முகமும் போச்சு! ஸ்கேன் சுத்தமா நின்னுடுச்சு!"

பிரான்சிக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் செல்போனில் ரெஜிஸ். தொலைந்தோம் என்றுதான் எடுத்தாள்.

அவருக்கு மூச்சு வாங்கியது.

"பிரான்சி, வீட்டு லைன் படுத்துடுச்சும்மா! வழக்கமா ஸ்கேன் பாக்குற ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரிக்கு லைன் இல்லைன்னதும், லீவுல இருந்த எதிர்வீட்டு ரோஷன் பேகம் டாக்டரைக் கூட்டிட்டு வந்து நம்ம ஹால்லதான் உக்கார வெச்சிருக்கேன். இந்த ஸ்கேன் நம்ம ஆபீஸ் லைன்ல மட்டும்தானே வரும்? அது இந்தப் பக்கம் என் வீட்டுலதானே இருக்கு. வீடு வேற பூட்டிக் கிடந்துச்சு, அதான் சாவியை எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். முசிறிக்காரர் படம் பாதியில நிக்குதும்மா, என்னன்னு பாரு!"

பிரான்சி தப்புத் தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி லேபிளைத் திரும்ப ஒட்டினாள். நானே கொன்னுட்டேனே என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

போனில், ரெஜிஸுக்குப் பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. "கசிவு இல்ல, அடைப்புதான். ஊசி போடச் சொல்லுங்க, உடனே!"

ரெஜிஸ் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! நீ அங்க இருக்கேங்கிற தைரியத்துலதான்மா நான் ஆபீஸை விட்டுட்டே வந்தேன்."