லென்ஸின் ஓரத்தில் குங்குமம்

அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒரு தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் பச்சை லேசர் வரி வரியாக நகர்கிறது. அது தொட்ட இடமெல்லாம் கண்ணாடிக்குள் தேன் நிறம் பிறக்கிறது. உருகிய வெள்ளி உப்பில் ஊறிக் கிடந்து வெள்ளியை உள்ளே இழுத்துக்கொண்ட கண்ணாடி அது. கூடக் கிடந்தவை ஆறும்போதே விரிசல் விட்டுவிட்டன, மிஞ்சியது இது ஒன்றுதான். வாசலில் நேற்றைய ஆயுத பூஜை வாழைக்கன்று வாடித் தொங்குகிறது. தெருவில் கண்டெய்னர் லாரி உறுமும்போதெல்லாம், மேசை அதிர்ந்துவிடுமோ என்று லேசரை இயக்கும் அகல்யா மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அப்போதுதான் பெட்டிக்குள்ளே காட்டும் கேமரா திரையில் அதைப் பார்க்கிறாள். லேசர் கதிர் வெளிவரும் லென்ஸின் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு. ஒவ்வொரு வரிக்கும் கதிர் அதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பட்டால் குங்குமம் கருகி லென்ஸோடு ஒட்டிவிடும். நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க முடியாது, கண்ணாடி வீண். "சார், லென்ஸ் மேல குங்குமம் இருக்கு. நிறுத்திடட்டுமா?" பட்டறை முதலாளி மனோகரன் திரையை நோக்கிக் குனிகிறார். "விஜயதசமி மொத வேலைம்மா. பாதியில நின்னா இன்னாத்துக்கு ஆவும்?" பொட்டைத் தொட இன்னும் மூன்று வரி. இரண்டு. அவர் கன்னத்தில் வியர்வை இறங்குகிறது. "எந்தப் புண்ணியவான்மா அங்க போயி பொட்டு வச்சது?" நேற்று கண்ணை மூடிக் கும்பிட்டபடியே அதை வைத்த மோதிர விரலை அகல்யா உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறாள்; மறு கை லேசரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்து அழுத்துகிறது. பச்சை அணைகிறது. முக்கால் தேன், கால் வெறும் கண்ணாடி. பொட்டு மட்டும் வைத்தபடியே இருக்கிறது.