விளக்குக் கிரீடம்

டிசம்பர் காலையின் இருட்டு இன்னும் விலகவில்லை. ஒஸ்லோவின் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில், சிற்றாலயக் கதவுக்கு வெளியே வெள்ளை அங்கிகள் சலசலக்கின்றன. இருட்டில் விளக்கேந்தி வரும் புனித லூசியாவின் திருநாள். சுவர்ப் படங்களில், அந்தந்த ஆண்டு லூசியாவாக நடந்த மாணவிகள் பொன்னிறக் கூந்தலோடு நிற்கிறார்கள். இந்த ஆண்டு ஊர்வலத்தின் முன்னே நடக்கப் போகிறவள் தர்மிகா. தலையில் மின்விளக்குக் கிரீடம். அதுவோ காதை நோக்கி வழுக்குகிறது. நல்ல நாளென்று அம்மா நேற்று எண்ணெயை அப்படித் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

“என்னடி, கிரீடம் சறுக்கி விளையாடுது?” தோழி சோபிகா சிரிக்கிறாள்.

“பகிடி விடாதை. உள்ளுக்கை போய் விழுந்துதெண்டா நான் இனிப் பள்ளிக்கூடப் பக்கமே வரமாட்டன்.”

ஊர்வலத்தின் நட்சத்திரப் பையனாக, நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பியோடு பின்னால் நிற்கும் சேந்தன், அதன் இலாஸ்டிக்கைப் பிடுங்கி, கிரீடத்தை அவள் கொண்டையோடு இறுக்கிக் கட்டுகிறான்.

“அப்ப உன்ரை தொப்பி?”

“அது என்ரை பாடு. நீ நட.”

கதவு திறக்கிறது. பாட்டு எழுகிறது. இருட்டுக்குள் அவள் தலைச்சுடர்கள் ஆடாமல் அசையாமல் முன்னே போகின்றன. பீடத்தை நெருங்கும்போது, ஒரு கூம்புத் தொப்பி உருண்டு வந்து அவள் காலடியைத் தாண்டி ஓடுகிறது. ஆலயம் முழுவதும் சிரிப்பு. முன்வரிசைக் கன்னியாஸ்திரிகூட வாயைப் பொத்துகிறார். தர்மிகா திரும்பவில்லை. கன்னம் சூடேற, அடுத்த வரியை இன்னும் உரக்கப் பாடுகிறாள்.