கையில் எழுதிய நம்பர்

டெக்சஸ் மாநிலத் தொண்டர் படையின் சீருடையில் வந்து டாய்ல் கதவைத் தட்டினார். அந்த வீட்டில் தனியாக இருக்கும் வெர்லீன் கிழவி திறந்தார்.

"மிஸ் வெர்லீன், புயல் வருது. கிளம்புங்க."

"மாட்டேன். சம்பளம் இல்லாத சிப்பாய் சொன்னா நான் கேக்கணுமா?"

"உங்கப்பாவும் இதே படைதானே?"

"ஆமா. ராணுவம் உலகப்போருக்குக் கப்பலேறினப்போ இங்க பாலத்தைக் காக்க ஆளில்ல. அவர்தான் வேட்டைத் துப்பாக்கியோட போய் நின்னார். அவரும் எந்தப் புயலுக்கும் ஓடல. உள்ள வா, காபி ஆறுது."

காபி முடிந்ததும் டாய்ல் மார்க்கர் பேனாவை எடுத்தார். ஊரைவிட்டுப் போக மறுப்பவர்கள் கையில் பெயரும் சொந்தக்காரர் நம்பரும் எழுதுவது வழக்கம். உடல் கிடைத்தால் தகவல் சொல்ல வேண்டுமே.

"யார் நம்பர் எழுத?"

"எனக்கு யார் இருக்கா? உன்னோடதை எழுது."

எழுதினார்.

"நீயும் புயல்ல சுத்தறவன்தானே. உன் கையில யார் நம்பர்?"

டாய்ல் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். கையில் ஒன்றும் இல்லை. வெர்லீன் மார்க்கரை வாங்கித் தன் நம்பரை எழுதினார்.

வாசல்வரை வந்து சொன்னார்: "புயல் கடல்லயே அடங்கிடுச்சுன்னு காலையிலயே ரேடியோல சொன்னாங்க. உங்க படையையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாமே."

டாய்ல் தன் பூட்ஸைப் பார்த்தார். "ஆமா, மிஸ் வெர்லீன்."

"இந்த மை எத்தனை நாள் நிக்கும்?"

"ஒரு வாரம்."

"அழிஞ்சதும் வா. மறுபடி எழுதணும்."