பயம் விட்டுப்போன மீன்கள்

மீன் ஒன்று ஓடி வந்து, சோதனைக்கு வந்த அதிகாரியம்மா தொட்டிக்குள் விட்ட விரலைக் கவ்வியது.

அந்த அம்மாவுக்கு ஒரே குஷி. கழிவுநீர் எவ்வளவு சுத்தமாகிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று மேனேஜர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

ஆபரேட்டர் சாலமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அந்தக் கம்பெனியில் தயாராவது மனப்பயத்தைப் போக்கும் மாத்திரை. மருந்துப் பாத்திரம் கழுவிவரும் தண்ணீரில் ஓசோன் வாயுவை ஏற்றினால் மருந்தின் வீரியம் செத்துவிடும். அது செத்ததா என்று பார்க்கத்தான் கடைசித் தொட்டியில் மீன் விட்டிருக்கிறார்கள். சுத்தமான தண்ணீரில் கிடக்கும் மீன், ஆள் நிழல் விழுந்தாலே குழாய்க்கு அடியில் போய் ஒளியும்.

இந்த மீன்களோ மேனேஜரையே முறைத்துக்கொண்டிருந்தன.

உப்புக்காற்று ஓசோன் மிஷினை அரித்துத் தின்று ஒரு வாரமாகிறது. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்று மேனேஜர் ரிப்பேரைத் தள்ளிப்போட்டார். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடை வழியாக உப்பங்கழியில் போய்க் கலந்தது. அந்தக் கழியில்தான் சாலமனின் ஊரே இறால் பிடிக்கிறது.

"மேடம், மிஷின் ஓடல. மருந்துத் தண்ணி அப்படியே கழிக்குப் போவுது. அதான் மீனுக்குப் பயம் விட்டுப்போச்சு."

அதிகாரியம்மா விரலை வெடுக்கென்று இழுத்துப் புடவையில் துடைத்தார். மேனேஜர் கண்ணாலேயே சாலமனின் வேலைக்கு வேட்டு வைத்தார். சாலமன் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

பேசியது தான்தானா என்று அவனுக்கே ஆச்சரியம். நாய் குரைத்தால் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ஆள் அவன். மேனேஜர் வேறு யாரைத் திட்டினாலும் இவன்தான் மன்னிப்புக் கேட்பான். நேற்று என்னடாவென்றால், ஓசிச் சாப்பாட்டுக்கு வந்து டேரா போட்டிருந்த மச்சானை வெளியே போகச் சொல்லிவிட்டான். மனைவி சகாயமேரி அசந்துபோய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

எங்கிருந்து வந்தது இவ்வளவு தைரியம்?

கம்பெனி போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும், அவ்வளவு உப்பு. இந்தப் பக்கத்தில் கரிக்காத தண்ணீர் எதுவோ அதுதான் நல்ல தண்ணீர். மருந்துப் பாத்திரம் கழுவ உப்பெடுத்த தண்ணீரைத்தான் விடுவார்கள் என்பதால் கடைசித் தொட்டித் தண்ணீர் கரிப்பதே இல்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சாலமன் டீ போடுவது அதில்தான்.

நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு இப்போது உதறல் எடுத்திருக்க வேண்டும்.

எடுக்கவில்லை. பாவம், மேனேஜர்தான் பயந்துபோய் அதிகாரியம்மாவைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

சாலமன் பிளாஸ்க்கைத் திறந்து அவருக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தான்.