எரிவெள்ளி விழுந்த திசை

கணவனைக் கடலில் இழந்த சுபாஜினி, அவனுடைய படகில் முதன்முறையாக மீன்பிடிக்கப் புறப்படுகிறாள். காங்கேசன்துறைப் பக்கம் இன்னும் விடியவில்லை. தம்பி ஜெயதீபனும் அயலவர்களும் படகைத் தள்ளும்போது, பச்சை ஒளியோடு ஓர் எரிவெள்ளி வானத்தைக் கீறிக்கொண்டு விழுகிறது. மணல், வலையின் மிதவைகள், ஈரக் கால்கள் எல்லாம் ஒரு கணம் பகலாகி அணைகின்றன. கைகள் படகை விடுகின்றன.

"முழுவியளம் சரியில்லைப் பிள்ளை, திரும்பு" என்கிறார் சகுனம் பார்க்கும் அயல்வீட்டுச் சோமசேகரம்.

"நேற்றுவரைக்கும் நான்தானே அண்ணை கெட்ட முழுவியளம்? என்னைக் கண்டு திரும்பினியள். இண்டைக்கு இதைக் கண்டு திரும்புறியள். அப்ப எப்பதான் கடலுக்குப் போறது?"

இருட்டில் யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள். அவள் தனியே படகுக்குத் தோள் கொடுக்கிறாள். படகு அசையவில்லை. பக்கத்தில் ஜெயதீபனின் தோள் வந்து சேர்கிறது. மணல் கரகரக்கிறது, தண்ணீர் படகைத் தூக்குகிறது. எரிவெள்ளி விழுந்த திசைக்கே சுபாஜினி அதைத் திருப்புகிறாள்.