தாம்பூலத் தட்டில் ஒரு ஈசிஜி

நாச்சியாபுரத்து வீட்டுக் கூடத்தில், வெற்றிலைத் தட்டில் பாக்குக்குப் பக்கத்தில் வீரலட்சுமியின் ஈசிஜி சுருண்டு கிடக்கிறது. போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். அதற்காகக் காரைக்குடியில் எடுத்தது. "நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாரு டாக்டரு. பயந்தாத்தான் படபடப்பு வருமாம். நீங்களே பாத்துட்டீகன்னா எங்களுக்கும் நிம்மதி," என்கிறார் அப்பா, எதிரே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம். எதற்குப் பயம் என்று அவளை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் மாமா தாளைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்து, ஜாதகக் கட்டம் பார்ப்பதுபோல் கோடுகளின் மேல் விரலை ஓட்டுகிறார். "சீராத்தான் இருக்கு." வாசற்படியில் காபித் தட்டோடு நிற்கும் வீரலட்சுமிக்கு இழுத்த மூச்சு பாதியிலேயே நிற்கிறது. தட்டில் தம்ளர்கள் கிடுகிடுவென்று மோதிக்கொள்கின்றன. ஒருவரும் நிமிரவில்லை, எல்லோர் கண்ணும் தாளில் இருக்கிறது.